இம்ப்ளான்ட் பல்: பொறுக்க வேண்டிய இடத்தில் அவசரம், அவசரப்பட வேண்டிய இடத்தில் பொறுமை

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் ஒரு பல் லேபில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி மாடல் எடுத்து கேப், பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கிற பிரிட்ஜ், பல் செட் எல்லாம் செய்து கொடுப்போம். பல்லின் நிறம் பார்க்க அவ்வப்போது கிளினிக்குக்கும் கூப்பிடுவார்கள், அதனால் மாடலோடு ஆளையும் பார்க்கக் கிடைக்கும். இம்ப்ளான்ட் விஷயத்தில், அதாவது தாடை எலும்புக்குள் ஸ்க்ரூ வைத்து அதன்மேல் பல் மாட்டுகிற, நம் பக்கம் 'ஸ்க்ரூ பல்' என்று சொல்வதில், ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பணம் போவது ஒரு பக்கம், எலும்பு போனால் அதைத் திரும்ப வாங்குவது கஷ்டம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாசியில் ஒரு மாடல் வந்தது. கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப்பில் போய் வருகிற ஒரு அக்காவுடையது. மேல்வரிசையில், சிரித்தால் தெரிகிற இடத்தில் இரண்டு பல் இல்லை. பல் இருந்த இடத்தில் எலும்பு நல்ல அகலமாக, மேடாக இருக்க வேண்டும். இதில் மழையில் கரைந்த வரப்பு மாதிரி ஒடுங்கி, விளிம்பு கத்தி போல இருந்தது, விரலை வைத்து ஓட்டினால் உறுத்தியது. பக்கத்துப் பல் காலி இடத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, கீழ்ப்பல் ஒன்று எதிரே தடுக்க ஆள் இல்லாமல் மேலே ஏறி வந்திருந்தது. பல் எடுத்து எட்டு வருடம் ஆயிற்றாம். மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது, அதற்குள் ஸ்க்ரூ பல் வேண்டும் என்றார். "இத்தன வருசம் சும்மா இருந்துட்டேன் தம்பி, இப்ப மூணு வாரம் பத்தாதுன்னா எப்புடி?"

முதல் தவறு அந்தச் சும்மா இருந்ததுதான். வேர் இருக்கும்வரைதான் அதைச் சுற்றியுள்ள எலும்புக்கு வேலை. வேர் போனதும் உடம்பு அந்த எலும்பைக் கரைக்க ஆரம்பித்துவிடும். முதல் மூன்று மாதத்தில் இது ரொம்ப வேகம், ஒரு வருடத்துக்குள் மேட்டின் அகலத்தில் பாதிகூடப் போய்விடலாம். மேல் கடைவாயில் இன்னொரு சிக்கல் உண்டு, அங்கே பல்லுக்கு மேலே சைனஸ் என்ற காற்று அறை இருக்கிறது. பல் இல்லாவிட்டால் அது கீழே இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு சைனஸைத் தூக்கி எலும்புத்தூள் வைத்துத்தான் ஸ்க்ரூ போட முடியும், செலவும் நாளும் கூடும். அதனால் பல்லை எடுக்கிற அன்றைக்கே, கையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, டாக்டரிடம் கேளுங்கள்: பின்னால் இம்ப்ளான்ட் வைக்க வாய்ப்பு இருக்கிறதா, குழியில் எலும்புத்தூள் வைத்து மூடினால் எனக்குப் பயன்படுமா? சிலருக்கு வேர் எடுத்த குழியிலேயே அன்றைக்கே ஸ்க்ரூ வைத்துவிடவும் முடியும். கழற்றி மாட்டும் பல்லோ பிரிட்ஜோ போட்டால் பக்கத்துப் பல் சாயாமல் நிற்கும், அது நல்லதுதான், ஆனால் அடியில் எலும்பு கரைவதை அது நிறுத்தாது. இதை யாரும் சொல்வதில்லை.

சரி, இப்போது அவசரம். 'மூன்று நாளில் பல்' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். எலும்புக்குள் போடுகிற டைட்டானியம் ஸ்க்ரூ முதல் நாள் வெறும் பிடிமானத்தில்தான் நிற்கிறது. பிறகு எலும்பு அணுக்கள் உலோகத்தின் மேலேயே ஒட்டி வளர்ந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் பெர் இங்வார் பிரோனமார்க் என்ற ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர். 1950களில் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், அது எலும்போடு இறுகிக் கழற்றவே வரவில்லை. அவர் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்த இம்ப்ளான்ட், அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, 40 வருடம், வேலை செய்தது. நல்லபடியாகச் சேர்ந்தால் இவ்வளவு உழைக்கும். சேர்வதற்குக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அந்த நாட்களில் ஸ்க்ரூ ஒரு தலைமுடியின் பருமனுக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த் திசு வளர்ந்துவிடும், அப்புறம் அது கையோடு வந்துவிடும்.

உடனே பல் மாட்டுவது எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எலும்பு கெட்டியாக இருந்து, ஸ்க்ரூ முதல் நாளே இறுக்கமாக நின்று, நான்கைந்தை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் அது நடக்கிற காரியம். ஆனால் அதை உங்கள் எலும்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், முகூர்த்த நாளைப் பார்த்து இல்லை. அந்த அக்காவுக்கு டாக்டர் ஸ்க்ரூ போட மறுத்துவிட்டார். கழற்றி மாட்டும் பல் இரண்டை நாங்கள் இரண்டே நாளில் செய்து கொடுத்தோம், கல்யாண போட்டோவில் நன்றாகச் சிரித்திருக்கிறார். ஆடியில் எலும்பு வைக்கிற வேலை ஆரம்பித்தது.

அடுத்தது, உடம்பு விஷயத்தை மறைப்பது. "பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்" என்று நினைக்கிறோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 7க்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, 8ஐத் தாண்டினால் பல டாக்டர்கள் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள், புண் ஆறுவதும் எலும்பு சேர்வதும் தாமதமாகும் என்பதால். பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, வருடம் ஓர் ஊசி என்று எடுக்கிற அம்மாக்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வகை மருந்துகளில் சிலவற்றால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள், நெஞ்சுக்கு அது எமன்.

நம் பக்கத்துக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை பாக்கு, கூடப் புகையிலை என்று அடக்கிக்கொள்கிற பழக்கம். சின்னமனூர் வெற்றிலை மேல் எனக்குக் கோபம் இல்லை, பாக்குதான் பிரச்சினை. வருடக்கணக்காகப் பாக்கு அடக்கினால் கன்னத்தின் உள்தோல் நார் பிடித்து இறுகி, வாய் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறக்கும். கடைவாயில் துளை போடும் கருவியே உள்ளே போகாது. அளவு எடுக்கிற தட்டு நுழையவில்லை என்று ஒரு முறை டாக்டர் சின்னக் குழந்தைக்கு வைக்கிற தட்டை நாற்பது வயதுக்காரர் வாயில் வைத்தார், அப்போது பக்கத்தில் நின்றேன். வாய் இப்படி இறுகுவது புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்பதால், பல்லை மறந்துவிட்டு முதலில் அதற்குக் காட்டுங்கள்.

ஸ்கேன் இல்லாமல் ஸ்க்ரூ போட ஒத்துக்கொள்ளாதீர்கள். சாதா எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம்தான் தெரியும், அகலம் தெரியாது. கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு ஓடுகிறது, ஸ்க்ரூவின் நுனி அதிலிருந்து 2 மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பல்லுக்கான சிபிசிடி ஸ்கேனில்தான் இது சரியாகத் தெரியும். நரம்பு அடிபட்டால் உதடு மரத்துப்போய், காபி வழிவதுகூடத் தெரியாது.

விலை கேட்கிறபோது ஒரு பல்லுக்கு 20,000 ரூபாயிலிருந்து 50,000 வரை சொல்வார்கள். அதில் ஸ்கேன், எலும்புத்தூள், ஸ்க்ரூவையும் கேப்பையும் இணைக்கிற அபட்மென்ட், கேப் எல்லாம் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். பல் முழுக்கப் போனவர்கள் இத்தனை பல்லுக்கு இத்தனை ஸ்க்ரூ என்று கணக்குப் போட்டுப் பயந்து திரும்பிவிடுகிறார்கள். கீழே பல் செட் நிற்காமல் ஆடுகிறவர்களுக்கு இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, செட்டைப் பட்டன் மாதிரி அதில் மாட்டிவிடலாம். முறுக்கு கடிக்க முடியாத தாத்தாக்களுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு.

வைத்த பிறகு 'இரும்புப் பல், இதுக்கு என்ன சொத்தையா விழப்போகுது' என்று விட்டுவிடுவது பெரிய தவறு. சொத்தை விழாது, வாஸ்தவம். ஆனால் இயற்கைப் பல்லைச் சுற்றி எலும்போடு பிடித்திருக்கும் நார்கள் இதற்குக் கிடையாது. அதனால் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கினால் கிருமி நேராக எலும்புக்கு இறங்கும், வலியும் சீக்கிரம் தெரியாது. துலக்கும்போது ரத்தம் வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். உமிக்கரி, கரகரப்பான பல்பொடி வேண்டாம், மென்மையான பிரஷ்ஷும் பல்லிடுக்குக்கான சின்ன பிரஷ்ஷும் போதும். அந்த நார் இல்லாததால் எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்ற உணர்வும் குறைவு, தூக்கத்தில் பல் கடிக்கிறவர்கள் இரவுக்குக் கவசம் கேட்டு வாங்க வேண்டும். கேப் லேசாக ஆடினால் பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கிற சின்ன உள் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இறுக்கினால் தீர்ந்தது. ஆடட்டும் என்று மென்றுகொண்டே இருந்தால் அது உள்ளேயே உடையும்.

எல்லையில் இருக்கிற நமக்குக் கடைசியாக ஒன்று. வேலை மலைமேல், வீடு கீழே. கேரளாவில் வைத்துவிட்டு இங்கே வந்துவிடுவோம், இல்லையென்றால் இங்கே வைத்துவிட்டு நெடுங்கண்டம் போய்விடுவோம். ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவுக்கும் திருப்புளி வேறு, அளவு வேறு. இம்ப்ளான்ட் வைத்த அன்று அதன் பெட்டியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் வரும், கம்பெனி பெயர், நீளம், குறுக்களவு, லாட் எண் அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு ஜீப் டிரைவர் ஆடுகிற கேப்போடு எங்கள் ஊர் கிளினிக்குக்கு வந்தார். வைத்த இடத்தில் ஒரு சீட்டுகூடக் கொடுக்கவில்லை என்றார், டாக்டரும் ஊர் மாறிப்போயிருந்தார். எக்ஸ்ரேயில் மரையின் வடிவத்தைப் பார்த்து இதுவா அதுவா என்று யூகித்து, நான்கு திருப்புளி வரவழைத்தும் ஒன்றும் பொருந்தவில்லை. மூன்றாவது வாரம் அவர் மகள் பழைய ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தாள், இம்ப்ளான்ட் வைத்த நாளில் யாரோ கையில் கொடுத்ததாம், அவருக்கே ஞாபகமில்லை. சரியான திருப்புளி மதுரையிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்தது, இறுக்கி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.