ராஸ்பெரி பை-யில் கேமரா படத்தை உள்ளே வாங்கிய கதை

கடலூர் முதுநகரில் எங்கள் மாடியில்தான் அமெச்சூர் டிவி (ஹாம் வானொலிக்காரர்கள் பொழுதுபோக்காகச் செய்யும் டிவி ஒளிபரப்பு) சோதனை. ஒளிபரப்புக்கு ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி. பை 5 எடுக்காததற்குக் காரணம் உண்டு: அதில் வீடியோவை எச்.264 முறையில் சுருக்கும் வன்பொருள் என்கோடர் இல்லை.

கேமரா படத்தை உள்ளே கொண்டுவர முதலில் மலிவான யுஎஸ்பி எச்டிஎம்ஐ குச்சி (கேமராவின் எச்டிஎம்ஐ படத்தை யுஎஸ்பி வழியாகத் தருவது). படம் வந்தது, ஆனால் கட்டம் கட்டமாக. யுஎஸ்பி 2-இல் இடம் போதாததால் அது படத்தை எம்ஜேபெக்காக, அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் தனி ஜேபெக் படமாக, சுருக்கியே அனுப்பும். பை அதை விரித்து, மறுபடி எச்.264 ஆகச் சுருக்க வேண்டும். எங்கள் ஒளிபரப்பு அமைப்பு 333 கிலோசிம்பல் வேகத்தில் கியூபிஎஸ்கே பண்பேற்றம், 3/4 எஃப்இசி (பிழைதிருத்தம்) என்றால் விநாடிக்கு 5 லட்சம் பிட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஜேபெக் சுருக்கம் விட்ட அந்தக் கட்டங்களுக்கும் அதில் பங்கு போனால் முகத்துக்கு என்ன மிஞ்சும்?

அப்புறம் டிசி358743 சில்லு வைத்த பலகைக்கு மாறினேன். கேமரா ரிப்பன் பொருத்தும் சிஎஸ்ஐ வாயிலிலேயே எச்டிஎம்ஐ படம் சுருக்காமல் இறங்கிவிடும். மாட்டியதும் திரை கருப்பு. ரிப்பனைத் திருப்பிப் போட்டுப் பார்த்து நேரம் வீணாக்காதீர்கள், விஷயம் இடிஐடி, அதாவது எந்த அளவுப் படம் ஏற்போம் என்று கேமராவுக்குச் சொல்லும் குறிப்பு. ‘எந்த அளவுப் படம் வேண்டும்?’ என்று கேமரா கேட்கும். நாம் ஏற்றிவைக்கும் வரை சில்லிடம் பதில் கிடையாது, கேமராவும் எதையும் அனுப்பாது. 720பி50 (720 வரி, விநாடிக்கு 50 ஃபிரேம்) மட்டும் உள்ள இடிஐடி கோப்பை ஏற்றி, அதற்கேற்ப சில்லின் டைமிங்கை அமைத்து, யுஒய்விஒய் என்ற சுருக்காத நிற வடிவைத் தேர்ந்ததும் படம் பளிச்.

ரீபூட் செய்தால் இடிஐடி போய்விடும். அதனால் பை தொடங்கும்போதே தானாக ஏற்றும்படி சிஸ்டம்டி சேவையாக எழுதி வைத்துவிட்டேன். குச்சி இப்போது மடிக்கணினியில் வீடியோ அழைப்புக்கு. அதற்கு அது தாராளமாகப் போதும்.