‘சுமார்’ என்று தீர்ப்பு சொல்வதற்கு முன்: கிராஃப்ட் பீர் சுவைப்பவர்கள் செய்யும் தவறுகள்

சிறு ஆலைகளில் தனிப் பக்குவத்தோடு தயாராகும் கிராஃப்ட் பீர் விலை அதிகம். கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று சாதாரண பீரையும் ஆகா ஓகோ என்பவர்கள் உண்டு. நல்ல பீரைத் தவறாகக் கையாண்டுவிட்டுச் சுமார் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. சென்னையில் எனக்கு அதிகம் கவலை தருவது இரண்டாவது தவறுதான். அதற்குப் பெரும் காரணம் நம் ஊர் வெயில்.

மே மாதத்தில் பாட்டிலைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு தி.நகரில் துணி எடுக்கப் போகாதீர்கள். வெப்பம் ஏற ஏற, பாட்டிலுக்குள் இருக்கும் சொற்ப ஆக்சிஜனும் வேகமாக வேலை செய்யும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் மங்கி, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை தலைகாட்டும். முதலில் அடிபடுவது ஹாப்ஸ் மணத்தையே நம்பியிருக்கும், கசப்பு தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகை. வெளிச்சமும் பகைதான், பழுப்பு பாட்டில் தரும் பாதுகாப்பைப் பச்சை பாட்டில் தராது. எனவே லேபிளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், கடையில் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் தயாரித்தவரைக் குறை சொல்வது அநியாயம்.

அடுத்த தவறு, வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று பீரை உறையும் அளவுக்குக் குளிர்விப்பது. குளிரில் நொதிக்கவைக்கும் லேகர் வகைக்கு 4 முதல் 7 டிகிரி போதும். சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல், கருநிற ஸ்டவுட் வகைகளுக்கு 8 முதல் 12 டிகிரி வரை வேண்டும். ஜெர்மன் பாணி கோதுமை பீரை ஊற்றியவுடன் முகர்ந்து பாருங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் கழித்து அதே கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். யாரும் எசன்ஸ் கலக்கவில்லை, அது ஈஸ்ட் தந்த மணம். இது தெரியாமல் ‘செயற்கை வாசனை’ என்று மதிப்பெண்ணைக் குறைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

குளிர் குறைகளையும் மறைத்துவிடும். வெண்ணெய் வாடை, வேகவைத்த சோளத்தின் வாடை, பச்சை ஆப்பிள் வாடை ஆகியவை குளிர் தணிந்த பிறகுதான் தெளிவாகத் தெரியும். சராசரியான பீர் எது என்பது அப்போதுதான் பிடிபடும்.

சிக்கன் 65-ஐயும் மிளகாய் பஜ்ஜியையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காரம் ஏறிய நாக்குக்குக் கசப்பு முரடாகத் தெரியும். பல வகைகளைச் சுவைப்பதாக இருந்தால், சிறிய அளவில், லேசானதிலிருந்து தொடங்குங்கள். கிளாஸின் உட்புறச் சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் அது சரியாகக் கழுவப்படவில்லை என்று பொருள். அதில் நுரையை மதிப்பிட முடியாது.

நமக்குப் பிடித்ததை மட்டுமே அளவுகோலாக்குவதும் தவறு. கசப்பே ஆகாதவர் ஐபிஏவைத் தோற்கடிக்கக் கூடாது. அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டத்தில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அழகான லேபிளுக்கு மயங்க அங்கே இடமில்லை. அந்த அளவுகோலில் 21 முதல் 29 வரை பெறும் பீர், சிறு குறை உள்ளது அல்லது தன் வகைக்குரிய இலக்கணத்திலிருந்து சற்று விலகியது.

ஒரு பீர் அந்த இடத்தில் நின்றால் காரணத்தோடு எழுதுங்கள். ‘மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்பு தூக்கல், அதை ஈடுகட்டும் கசப்பு இல்லை’ என்றால் படிப்பவருக்கும் புரியும், தயாரிப்பவருக்கும் உதவும். சந்தேகம் இருந்தால், வேறு தேதியில் தயாரான இன்னொரு பாட்டிலையும் சுவைத்துவிட்டு எழுதுங்கள். அதுவும் அப்படியே இருந்தால், விலையைப் பார்த்துத் தயங்காமல் சராசரி என்றே எழுதலாம்.