எத்தனை ஹெச்பி? எஞ்சின் பிரியர்கள் சறுக்கும் இடங்கள்

எஞ்சின் என்றதும் நம்மூரில் முதலில் வரும் கேள்வி, 'எத்தனை ஹெச்பி?' கேட்பதில் தப்பில்லை, அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு. கடைமடைப் பக்கம் வாய்க்கால் கரையில் வைத்து இன்னமும் தண்ணீர் இறைக்கிறார்களே, லிஸ்டர் வகைப் பழைய ஆயில் எஞ்சின், அதற்கு 6 ஹெச்பி. நிமிடத்துக்கு 650 சுற்று. யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு 7,500 சுற்றில் 11 ஹெச்பி. இதை வைத்து, பைக்தான் இரண்டு மடங்கு பலசாலி என்று ஒருவர் சொல்வார். தண்டைத் திருப்பும் விசையை, அதாவது டார்க்கைப் பார்த்தால் கதை மாறும். ஆயில் எஞ்சினுக்குச் சுமார் 65 நியூட்டன் மீட்டர், பைக்குக்குப் பத்துச் சொச்சம். 346 சிசி பழைய புல்லட்டுக்கே 27 பக்கம்தான்.

உடனே பக்கத்தில் இருப்பவர், 'பார்த்தீங்களா, ஹெச்பி எல்லாம் சும்மா, டார்க்தான் நிஜம்' என்பார். முதல் தவறைவிட இது பெரிய தவறு. டார்க்கையும் சுற்றையும் பெருக்கினால் வருவதுதான் ஹெச்பி. பைக் எஞ்சினின் 7,500 சுற்றை கியர் போட்டு 650-க்கு இறக்கினால், அந்தப் பத்து நூறைத் தாண்டிவிடும். ஆயில் எஞ்சின் தோற்றுப்போகும். நீராவி எஞ்சின் இதற்கு நேர் எதிர்க் கோடி. பொன்மலைப் பணிமனையில் ஊட்டி மலை ரயிலுக்காகக் கட்டினார்களே, அதுபோன்ற எஞ்சின் நின்ற இடத்தில் நிற்கும்போதே முழு விசையையும் கொடுக்கும். சக்கரம் அசையாதவரை அதன் ஹெச்பி பூஜ்யம். கிளட்ச், கியர் பாக்ஸ் இரண்டும் இல்லாமல் ரயிலை இழுக்க முடிவது அதனால்தான்.

அப்படியென்றால் வாய்க்கால் கரையில் ஆர்எக்ஸ் 100 எஞ்சினை ஏன் வைப்பதில்லை? பிஸ்டன் ஓடும் வேகத்தைக் கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். லிஸ்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் சுமார் 140 மில்லிமீட்டர், ஆர்எக்ஸில் 50. ஆனால் அந்த 650 சுற்றில் லிஸ்டர் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டர். 7,500 சுற்றில் ஆர்எக்ஸ் பிஸ்டனுக்கு 12.5 மீட்டர். ரிங்கும் சிலிண்டரும் எந்த வேகத்தில் தேயும் என்பது இங்கே முடிவாகிவிடுகிறது. குறுவை நேரத்தில் ராத்திரி பகலாக ஓட வேண்டிய எஞ்சினுக்கு இதுதான் முக்கியம். பக்கத்து ஊருக்குப் பறந்து போய் நிற்க வேண்டிய பைக்குக்கு இல்லை. என்ன வேலைக்குச் செய்தது என்று கேட்காமல் இரண்டு டிசைனில் எது உசத்தி என்று சண்டை போடுவது வீண்.

டூ ஸ்ட்ரோக் பற்றிய தப்பெண்ணங்களுக்குக் கணக்கே இல்லை. 'ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எரிகிறது, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை, அதனால் பவர் இரண்டு மடங்கு' என்பது அதில் பிரபலம். நடப்பில் அவ்வளவு வராது. புகை வெளியேறும் துளையும் புதுக் கலவை உள்ளே வரும் துளையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருப்பதால், எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு வெளியே ஓடிவிடுகிறது.

அதைத் தடுத்துத் திருப்பி அனுப்புவது சைலன்சர். புகைத் துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்ய உதவுகிறது. மறுபடி குறுகும் இடத்தில் மோதி அழுத்தமாகத் திரும்புகிறது, வெளியே நழுவிய கலவையைத் துளை மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறது. ஆக, டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் எஞ்சினில் ஒரு பாகம். சத்தத்துக்காக அதை வெட்டுகிறவர்கள் எஞ்சினைத்தான் வெட்டுகிறார்கள். ஊரே திரும்பிப் பார்க்கும், பாலம் ஏறும்போது வண்டி முக்கும்.

டூ ஸ்ட்ரோக் என்றாலே பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், புகை கக்கும், சின்ன வண்டிக்குத்தான் ஆகும் என்பது அடுத்தது. டிவிஎஸ் 50 பார்த்து வளர்ந்ததால் வந்த நினைப்பு. ரயில்வேயின் டபிள்யூடிஜி4டி டீசல் எஞ்சினைப் பாருங்கள். 16 சிலிண்டர், 4,500 ஹெச்பி, அத்தனையும் டூ ஸ்ட்ரோக். அதற்கு முந்தைய தலைமுறையான டபிள்யூடிஎம்2 ஃபோர் ஸ்ட்ரோக், 2,600 ஹெச்பி. புதியதில் சிலிண்டரின் கீழ்ப்பகுதித் துளை வழியாக வெறும் காற்று ஏறுகிறது, புகை மேலே வால்வு வழியாகப் போகிறது. வால்வு மூடிய பிறகுதான் டீசல் பீய்ச்சப்படுவதால் எரிபொருள் நழுவ வழியே இல்லை. ஆயிலும் தனியாக ஓடுகிறது. பெரிய சரக்குக் கப்பல்களை ஓட்டுவதும் நிமிடத்துக்கு நூறு சுற்றுப் பக்கம் ஓடும் டூ ஸ்ட்ரோக் டீசல்கள்தான்.

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வாங்கெல் ரோட்டரி எஞ்சினை அனிமேஷனில் பார்த்து மயங்காதவர் இல்லை. மூன்று முகமும் மாறி மாறி எரிவதால் தண்டின் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை சக்தி வருகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தண்டு மூன்று சுற்றிவிடும், அதனால் தண்டின் சுற்றுக்கு ஒன்றுதான். சரி, அது நம்மூர் ரோட்டில் கண்ணில் படும் சரக்கும் இல்லை.

எரிபொருள் விஷயத்திலும் இதே குழப்பம். பங்கில் ஆக்டேன் கூடின பெட்ரோல் போட்டால் பழைய புல்லட் பறக்கும் என்று காசைக் கொட்டுகிறார்கள். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் அல்ல, அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் பொறுமை. கலவையைக் குறைவாகவே அழுத்தும் பழைய எஞ்சினுக்கு அந்தப் பொறுமை எதற்கு? டீசலுக்கு இது தலைகீழ். பிளக் கிடையாது, அழுத்திச் சூடேறிய காற்றில் பட்டதும் தானே பற்றியாக வேண்டும்.

ஆயில் எஞ்சின் வைத்திருப்பவர்களே செய்யும் தவறு ஒன்று உண்டு. இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கை அப்படியே எஞ்சினுக்குள் விட்டுக் குளிர வைப்பது இங்கே வழக்கம். வெளியே விழும் தண்ணீரில் கையை வைத்து, 'ஜில்லுனு ஓடுது பாருங்க' என்று பெருமை வேறு. சிலிண்டர் சுவர் ஜில்லென்று இருந்தால் டீசல் முழுசாக எரியாது. புகையில் உள்ள ஈரமும் கந்தக அமிலமும் சுவரிலேயே படிந்து ரிங்கை அரிக்கும், எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். குழாயில் ஒரு வால்வு வைத்து வரத்தைக் குறையுங்கள். விழும் தண்ணீரில் கை வைத்தால் சட்டென்று எடுக்கத் தோன்றும் சூடு இருக்க வேண்டும். கொதிக்கவும் கூடாது.

பழைய இரும்புக் கடையில் ஒன்றை வாங்கி வந்து பிரித்துப் பார்க்கும் ஆசை வந்தால், வால்வு திறக்கும் நேரத்தை முடிவு செய்யும் டைமிங் கியரில், பற்களைப் பொருத்துவதற்கு அடையாளமாக வைத்த புள்ளிகளை முதலில் தேடுங்கள். தேய்ந்து தெரியாமல் போயிருந்தால், கழற்றுவதற்கு முன்பே பஞ்ச் வைத்துத் தட்டிக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எஞ்சின் கிளம்பாது, கிளம்பினால் கரும்புகை கக்கும், வால்வு பிஸ்டனில் இடிக்கவும் இடிக்கும். டீசல் பம்புக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளைக் குப்பை என்று வீசிவிட வேண்டாம், டீசல் பாயும் நேரத்தைச் சரிசெய்வது அவைதான். ஓட்டிப் பார்க்கும் நாளில் தோள் துண்டை எடுத்து வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். லீவரைத் தூக்கி அழுத்தத்தை விடுவித்துவிட்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். பிளைவீல் வேகம் பிடித்த பிறகு லீவரை இறக்கினால் போதும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், எஞ்சின் திருப்பி உதைத்தால் கை தானாக நழுவிவிடும்.