கீமோ டைம்ல நடை, பொழுதுபோக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் ட்ரீட்மெண்ட் முடிஞ்சதுல இருந்து, புதுசா கீமோ ஆரம்பிக்கிறவங்களோட நிறைய பேசுறேன். நான் தடுக்கி விழுந்த அதே இடத்துலதான் அவங்களும் விழுறாங்க. 100.4 டிகிரி தொட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், ஜுரத்தோட நடக்கக்கூடாதுன்னு எல்லாரும் சொல்லிருப்பாங்க, அதனால அத விட்டுடுறேன்.

தெம்பா இருக்கிற நாள்ல எல்லாத்தையும் முடிச்சிடுறது

இத பாத்தா எனக்கு இன்னும் எரிச்சலா வருது. வாந்தி வராம இருக்க நிறைய கீமோவுல டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு சேத்துக் குடுப்பாங்க. அது வேலை செய்யுற ஒன்னு ரெண்டு நாள் தூக்கம் வராது, கை துறுதுறுன்னு இருக்கும், கீமோ என்ன பெரிய விஷயம், நல்லாத்தானே இருக்கேன்னு தோணும், உடனே அலமாரிய ஒதுக்குறது, ஒரு மணி நேரம் நடக்கிறது, பாதியில நின்ன வேலைய எல்லாம் எடுத்துப் போட்டுக்கிறதுன்னு இறங்கிடுவாங்க. மாத்திரை நின்னதும் உடம்பு பொத்துனு விழும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, நல்லா தைப்பாங்க. கீமோ ஏறின மறுநாள் ராத்திரி தூக்கம் வரலன்னு மெஷின்ல உக்காந்து பேத்திக்கு ஃப்ராக் தைச்சு, பட்டன், காஜா வரைக்கும் முடிச்சிட்டாங்க. அடுத்த சில நாள் பாத்ரூமுக்குப் போகவே சுவத்தப் புடிச்சிட்டுதான் போனாங்க. வீட்டுல "ரெஸ்ட் எடுன்னு சொன்னோம்ல"ன்னு மெஷினுக்கு உறை போட்டு மூடியாச்சு. கடைசி சைக்கிள் (ஒரு தடவ கீமோ ஏத்துனதுல இருந்து அடுத்த தடவ வரைக்கும் உள்ள சுத்து) வரைக்கும் படுக்கையிலயே இருந்து, கால் சதை வத்தி, படி ஏற முடியாத நிலைக்கு வந்துட்டாங்க. ஒரு வாரம் படுத்தவங்க எழுந்துக்கலாங்க, ஆனா அசைஞ்சதாலதான் இப்படி ஆச்சுன்னு மனசுல பதிஞ்சிட்டா அத எடுக்குறது ரொம்ப கஷ்டம்.

கேன்சர் அசதி தூங்கி எழுந்தா போற அசதி கிடையாது. அளவா நடந்தா குறையுதுன்னு ஆராய்ச்சியில திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க. அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி 2022ல வெளியிட்ட வழிகாட்டுதல், குணமாகுறதுக்காக ட்ரீட்மெண்ட் எடுக்கிறவங்களுக்கு டாக்டருங்களே உடற்பயிற்சிய பரிந்துரைக்கணும்னு சொல்லுது.

அதனால அளவ முன்னாடியே முடிவு பண்ணுங்க. பத்து நிமிஷம்னா தெம்பான நாள்லயும் பத்து நிமிஷம்தான், மோசமான நாள்ல அதுல பாதி, அதுவும் முடியலன்னா வாசல் வரைக்கும். இன்னும் கொஞ்சம் முடியும்னு தோணும்போதே உக்காந்துடணும். முதல் சைக்கிள்ல எந்த நாள் எப்படி இருந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, மருந்து மாறலன்னா அடுத்ததும் ஏறக்குறைய அதே வரிசையிலதான் வரும், அசதி மட்டும் பலருக்கு போகப் போக கூடும். ஃப்ரெண்ட வரச் சொல்றது, பாட்டு கிளாஸ், எல்லாம் அந்த நோட்ட பாத்து வைங்க.

விரல் மரத்தத சொல்லாம இருக்கிறது

பக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின் மாதிரி மருந்துல விரல் நுனி மரத்துப் போகலாம். ஊசி குத்தி ரத்தம் துணியில பட்ட பிறகுதான் தெரிய வரும். பின்னல் போடுறவங்க தடி நூல், பெரிய ஊசிக்கு மாறிக்கங்க, டாக்டர்ட்டயும் உடனே சொல்லுங்க, டோஸ மாத்தணுமான்னு அவங்க பாக்கணும். மறைச்சா மரப்பு நிரந்தரமா தங்கிடலாம். பாதம் மரத்திருந்தா வெறுங்கால்ல நடக்காதீங்க.

செடி வளக்கிறவங்க

மண்ணுலயும் மக்கின உரத்துலயும் பூஞ்சை இருக்கும். பல கீமோவுல மருந்து ஏறின 7ல இருந்து 14 நாளுக்குள்ள, கிருமிய எதிர்க்கிற வெள்ளணு ரத்தத்துல ரொம்ப இறங்கும். அந்த நாள்ல வேற யாரையாவது கிளறச் சொல்லிட்டு நீங்க தள்ளி உக்காந்து பாருங்க. மத்த நாள்ல டாக்டர் சரின்னு சொன்னா கிளவுஸ், மாஸ்க்கோட இறங்கலாம்.

நீச்சல்

கையில பிக் லைன் (மருந்து ஏத்த ரத்தக்குழாய்க்குள்ள போட்டு வச்சிருக்கிற மெல்லிய குழாய்) இருந்தா வேண்டாம். ரேடியேஷன்ல தோல் எரிஞ்சாலும் வேண்டாம்.

எலும்புக்குப் பரவியிருக்கும்போது வீடியோ பாத்து எக்சர்சைஸ்

பண்ணவே பண்ணாதீங்க. பிசியோதெரபிஸ்ட்டக் கேளுங்க.

டைம் இருக்கேன்னு கஷ்டமான ஒன்ன புதுசா ஆரம்பிக்கிறது

கீமோவுல ஞாபகமும் கவனமும் மந்தமாகலாம், படிச்ச பக்கமே மறந்துடும். அந்த நேரத்துல கிட்டார் வாங்கி முதல் பாடத்துலயே திணறி, மூளை போச்சுன்னு அழுதவங்கள பாத்திருக்கேன். கை பழகின வேலைய எடுங்க, நாவல் ஓடலன்னா சிறுகதை படிங்க, அதுவும் ஓடலன்னா யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. ட்ரீட்மெண்ட் முடிஞ்சு சில மாசத்துல பலருக்கும் மெல்ல தெளியும், கிட்டார அப்ப எடுத்துக்கலாம்.