வாக்கு எத்தனை, வலு எவ்வளவு: தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

பல நாடுகள் ஒரே மன்றத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கும்போது, யாருக்கு எத்தனை வாக்கு என்பதில்தான் முதல் சண்டை வரும். ஆனால் கையில் இருக்கும் வாக்கு வேறு, அதை வைத்து முடிவை மாற்ற முடிகிற வலு வேறு. வலுவைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் தொகுதி மறுவரையறை பற்றிப் பேசத் தயாராகிறவர்களுக்கும், நாலு ஊர் மா விவசாயிகள் குழுக்களைச் சேர்த்துக் கூட்டமைப்பு தொடங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதலில் அசல் உதாரணம். 1958இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) அமைச்சர்கள் மன்றத்தில் ஆறு நாடுகள். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலிக்குத் தலா 4 வாக்கு, பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. மொத்தம் 17. தீர்மானம் நிறைவேற 12 வேண்டும். இதை இப்படிப் போடுங்கள்:

1. உறுப்பினர் பெயர், வாக்கு, மொத்தம், வரம்பு ஆகியவற்றைத் தாளின் மேலே எழுதுங்கள். வரம்பு "12 இருந்தால் போதும்" என்பதா, "12க்கு மேல் வேண்டும்" என்பதா என்று விதியைப் படித்து உறுதி செய்யுங்கள். பாதிக் கணக்குகள் இந்த இடத்திலேயே தப்பாகின்றன.

2. வரம்பைத் தொடும் கூட்டணிகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். பெரிய வாக்குக்காரர்களிலிருந்து தொடங்கினால் எதுவும் விடுபடாது.

3. ஒவ்வொரு கூட்டணியிலும் ஒவ்வொருவராக எடுத்துப் பாருங்கள். அவர் விலகினால் தீர்மானம் விழுமா? விழும் என்றால் அவர் பெயரைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

4. ஒருவருக்கு விழுந்த வட்டங்களை மொத்த வட்டங்களால் வகுங்கள். வருவதுதான் அவருடைய வலு.

லக்சம்பர்க்கை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதினால் ஜெயிக்கும் கூட்டணிகள் 7. மூன்று பெரிய நாடுகளும் சேர்ந்தவை 4 (தனியாக, பெல்ஜியத்துடன், நெதர்லாந்துடன், இரண்டுடனும்). ஏதாவது இரண்டு பெரிய நாடுகளும் சிறிய இரண்டும் சேர்ந்தவை 3. வட்டம் போட்டால் பெரிய நாட்டுக்குத் தலா 5, பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் தலா 3, மொத்தம் 21. ஆக 23.8%, 14.3%. இப்போது லக்சம்பர்க்கைச் சேருங்கள். மற்ற எல்லார் வாக்கும் இரட்டைப்படை, வரம்பும் இரட்டைப்படை. அதன் ஒற்றை வாக்கு 11ஐ 12 ஆக்கும் சந்தர்ப்பமே வராது. வட்டம் பூஜ்யம். 17இல் ஒரு பங்கு வாக்கு, வலு சுத்தமாக இல்லை. 1973இல் பிரிட்டன், டென்மார்க், அயர்லாந்து சேர்ந்ததும் மொத்தம் 58, வரம்பு 41, லக்சம்பர்க்குக்கு 2 என்று மாறியது. அதன் பங்கு 5.9%இலிருந்து 3.4%ஆகக் குறைந்தது, வலுவோ அப்போதுதான் வந்தது. நான்கு பெரிய நாடுகளுக்கும் தலா 10, சேர்ந்தால் 40, ஒன்று குறைகிறது. அந்தக் குறையை லக்சம்பர்க் நிரப்பலாம்.

இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி பென்ரோஸ் (1946). 1965இல் அமெரிக்க வழக்கறிஞர் பான்சாஃப் இதே மாதிரிக் கணக்கை வைத்து நியூயார்க் மாநிலத்தின் நாசோ கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) மன்றத்தை எடை போட்டார். அங்கே வாக்குகள் 31, 31, 28, 21, 2, 2, வரம்பு 58. முதல் மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் முடிந்தது கதை. 21 வாக்கு வைத்திருந்தவருக்கும் வலு பூஜ்யம்தான்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். போச்சம்பள்ளிப் பக்கம் நான்கு மா விவசாயிகள் குழுக்கள் சேர்கின்றன, உறுப்பினர்கள் 900, 400, 400, 100 என்று வைத்துக்கொள்வோம். நூறு பேருக்கு ஒரு வாக்கு என்றால் 9, 4, 4, 1; மொத்தம் 18, பெரும்பான்மைக்கு 10. பெரிய குழு இல்லாமல் மற்ற மூன்றும் சேர்ந்தாலும் 9தான். பெரிய குழுவோடு யார் ஒருவர் சேர்ந்தாலும் போதும். வட்டங்கள் 7, 1, 1, 1. அதாவது 70%, 10%, 10%, 10%. நானூறு பேர் குழுவும் நூறு பேர் குழுவும் ஒரே வலுவில் நிற்கின்றன. இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் திட்டமிட்டு முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து வர்க்கமூலம். குழு பெரிதாக ஆக, அதற்குள்ளே தனி ஒருவரின் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் வாய்ப்பு, எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. ஆகவே குழுவின் வலு வர்க்கமூலத்தின் விகிதத்தில் இருந்தால் எல்லா உறுப்பினருக்கும் சம வாய்ப்பு. நம் நான்கு குழுக்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தால் 30, 20, 20, 10. சுருக்கினால் 3, 2, 2, 1. மொத்தம் 8, பெரும்பான்மைக்கு 5. வட்டங்கள் 5, 3, 3, 1, அதாவது 42%, 25%, 25%, 8%. வாக்குப் பங்குக்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிட்டது.

வரம்பைத் தொட்டால் எல்லாம் மாறும். அதே 3, 2, 2, 1ஐ வைத்துக்கொண்டு வரம்பை 6 ஆக்குங்கள்: வட்டங்கள் 4, 2, 2, 2. கடைசிக் குழு நடுக் குழுக்களுக்குச் சமமாகிவிட்டது, பெரிய குழுவுக்குத் தடுப்பு அதிகாரமும் கிடைத்துவிட்டது, அது இல்லாமல் எதுவும் நிறைவேறாது. சிறிய குழுவினர் "மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்" என்று கேட்பதற்கு முன் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது. உறுப்பினர் ஒருவர் கூடினால் கூட்டணிகள் இரட்டிப்பாகும்: 4 பேருக்கு 16, 6 பேருக்கு 64, 10 பேருக்கு 1024. ஆறுக்கு மேல் கணினியில் போடுங்கள்.

மாவட்டங்களுக்கு வாக்குப் பிரிப்பதாக வைத்துக்கொண்டால்: 2011 கணக்கெடுப்பில் தருமபுரி 15.07 லட்சம், கிருஷ்ணகிரி 18.80 லட்சம். தலைக் கணக்குப்படி கிருஷ்ணகிரிக்கு 25% கூடுதல். வர்க்கமூலப்படி 1,228க்கு 1,371, சுமார் 12%தான். 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் போலந்து கேட்டது இதே வர்க்கமூல முறையைத்தான். கிடைக்கவில்லை. 2014 நவம்பர் முதல் அங்கே இரட்டை வரம்பு: 55% நாடுகள், அவற்றில் ஒன்றியத்தின் மொத்த மக்கள்தொகையில் 65%.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாடோ ஊரோ மொத்தமாக ஒரே பக்கம் வாக்களிக்கும் இடத்தில்தான் வட்டக் கணக்கு பொருந்தும். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் நாடுவாரியாக அல்ல, அரசியல் குழுவாரியாக உட்காருகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது ஓர் இடத்துக்கு எத்தனை பேர் என்பது. 2024இல் 720 இடங்கள். ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. ஜெர்மனியில் இடத்துக்குச் சுமார் 8.7 லட்சம் பேர், மால்டாவில் ஒரு லட்சத்துக்கும் கீழே.

மக்களவையும் அப்படியே. தமிழ்நாட்டின் 39 இடங்கள் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் மாற்றாமல் நிறுத்தி வைக்கப்பட்டவை. 42ஆவது திருத்தம் (1976) நிறுத்தியது, 84ஆவது திருத்தம் (2001) 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இதைப் பற்றிப் பேசும்போது "மாநிலத்தின் வலு" என்று வட்டம் போட்டால் விடை தப்பாகத்தான் வரும், ஏனெனில் உறுப்பினர்கள் கட்சிக் கொறடா சொல்கிறபடி வாக்களிக்கிறார்கள். மாநிலங்களுக்கு இடையே நியாயம் பார்க்க இடத்துக்கு எத்தனை பேர் என்று வகுங்கள். அவையில் யார் முடிவை மாற்ற முடியும் என்று பார்க்க, தாளின் மேலே மாநிலப் பெயர்களுக்குப் பதில் கட்சிப் பெயர்களை எழுதிவிட்டு முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.