இளநிலை மாணவர்களுக்கு நுண்புனைவை ஆய்வகத்தில் கற்பிக்கும் முறை

நுண்புனைவில், அதாவது மைக்ரான் அளவிலான அமைப்புகளை உருவாக்கும் கலையில், முதல் செய்முறைத் திட்டமாக டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதற்குப் பல மாஸ்க்குகளும் (ஒளி எங்கே விழ வேண்டும் என்று வரையறுக்கும் மறைப்புகள்) உயர்வெப்ப உலையும் தேவைப்படுவதோடு, ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தையும் கையாள நேரிடும். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டவுடன் வலி தெரியாமலேயே உள்ளே ஊடுருவிவிடும் என்பதால், புதியவர்களிடம் அதைக் கொடுப்பது முறையன்று. இரண்டு திரவங்கள் சந்திக்கும், 100 மைக்ரான் அகலமுள்ள ஒய் வடிவ நுண்கால்வாய் ஒரே மாஸ்க்கில் முடிந்துவிடும். இந்த அகலத்துக்கு, உயர்துல்லிய அச்சில் எடுத்த பிளாஸ்டிக் படலமே மாஸ்க்காகப் போதும்.

மாணவர்கள் மூவர் மூவராகச் சேர்ந்து, வரைபடம் முதல் அளவீடு வரை தாங்களே செய்ய வேண்டும். வேஃபர் எனும் மெல்லிய சிலிக்கான் தட்டின் மீது, புறஊதா ஒளி பட்ட இடத்தில் இறுகும் எஸ்யூ-8 ரெசிஸ்ட்டை ஊற்றிச் சுழற்றும்போது அவர்களை அருகில் நின்று கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு தூசித் துகள் இருந்தாலும், அதிலிருந்து விளிம்பை நோக்கி வால்நட்சத்திரம் போல ஒரு கோடு நீளும். தூய அறை எதற்கு என்பதை அந்த ஒரு கோடு விளக்கிவிடும். அடுத்து 65 டிகிரியிலும் பின்னர் 95 டிகிரியிலும் சூடாக்கி, மாஸ்க் வழியே புறஊதா ஒளி காட்டி, மறுபடியும் அதே வரிசையில் சூடாக்கி, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் படலத்தில் விரிசல் விழும். டெவலப் செய்தபின், அதாவது ஒளி படாத ரெசிஸ்ட்டைக் கரைத்து நீக்கியபின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசும்போது வெண்மை படர்ந்தால், கரையாத ரெசிஸ்ட் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். அப்போது என்ன செய்வது என்பதை ஆசிரியர் உடனே சொல்லிவிடாமல், மாணவர்கள் யோசிக்கச் சற்று நேரம் தருவது நல்லது.

வேஃபரில் எஞ்சி நிற்கும் ரெசிஸ்ட் மேடே கால்வாய்க்கான வார்ப்பச்சு. இந்த அச்சின் மேல், பத்துக்கு ஒன்று என்ற எடை விகிதத்தில் கடினமாக்கியைக் கலந்து காற்றுக்குமிழ் நீக்கிய பிடிஎம்எஸ் எனும் ஒளிபுகும் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, 65 டிகிரியில் சில மணி நேரம் வைத்து உரித்தெடுத்து, பிளாஸ்மாவின் (அயனியாக்கிய வாயுவின்) உதவியால் கண்ணாடியில் ஒட்ட வேண்டும்.

சோதனைக்கு முன், ஓட்டம் சீராக இருக்குமா கொந்தளிக்குமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணைக் கணக்கிடச் சொல்லுங்கள். நீர் நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் சென்றால், கால்வாய் அகலத்தை வைத்துக் கணக்கிடும் அந்த எண் ஏறத்தாழ 0.1 ஆகும். பிறகு இரு நிறச் சாயங்களைச் செலுத்தினால், அவை கொந்தளிப்பின்றி அருகருகே ஓடி, விரவலால் (மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதால்) மட்டுமே கலப்பதை நுண்ணோக்கியில் காணலாம்.

முதல் வேஃபர் பெரும்பாலும் பழுதாகும். ஆகவே கால அட்டவணையிலேயே இரண்டாவது வேஃபருக்கு இடம் ஒதுக்குங்கள். சுழற்சி வேகம், வெப்பநிலை, ஒளியளவு ஆகியவற்றைக் குறித்த பதிவேட்டைப் பார்த்து, இம்முறை எதை மாற்றப்போகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று எழுதிக் காட்டிய குழுவுக்கே அந்த வேஃபரைக் கொடுங்கள்.