17 பேரோடு ஒரு பைலா பாட்டு

ஊரே முணுமுணுக்கும் பைலாவை, அதாவது நம் இலங்கை ஆட்டப் பாட்டை, பிக் பாண்ட் என்ற பெரிய ஜாஸ் குழு வாசிக்க எழுதிப் பதிவது சுலபம் என்று நினைக்காதீர்கள். தெரியாத பாட்டில் நாம் தடுக்கினால் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த பாட்டு என்றால் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டுபவர்கூடப் பிழை பிடித்துவிடுவார்.

முதலில் சுதி. கிட்டார்காரர்களுக்கு ஈ மேஜர் என்றால் உயிர். ஆனால் ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் நோட்ஸை வேறு சுதிக்கு மாற்றித்தான் எழுத வேண்டும். ஈ மேஜரை அப்படியே விட்டால் ட்ரம்பெட்காரர் 6 ஷார்ப்போடும் (சுரத்தை அரைச் சுரம் ஏற்றும் குறி) ஆல்டோ சாக்ஸபோன்காரர் 7 ஷார்ப்போடும் மல்லுக்கட்ட வேண்டும். நான் ஒருமுறை அப்படி எழுதிக் கொடுத்து, அரை நாள் ஸ்டூடியோ வாடகையைத் தொலைத்தேன். அரைச் சுரம் ஏற்றி எஃப் மேஜரில் எழுதுங்கள். ட்ரம்பெட்டுக்கு ஒரே ஷார்ப், ஆல்டோவுக்கு இரண்டு. கேட்பவர் கவனிக்கவே மாட்டார்.

பைலாவின் ஆறு-எட்டுத் தாளத்தை ஸ்விங், அதாவது ஜாஸின் ஊசலாடும் நடை, ஆக்க ஆசை வரும். வேண்டாம். கால் ஆடாத பைலா எதற்கு? ஜாஸ் வாசனையைக் கோர்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) காட்டுங்கள்.

5 சாக்ஸபோன், 4 ட்ரம்பெட், 4 டிராம்போன், பியானோ, பேஸ், கிட்டார், ட்ரம்ஸ். இத்தனை பேரும் முதல் வரியிலேயே ஊதினால் மெட்டு மூழ்கிவிடும். முதல் சுற்றில் டெனர் சாக்ஸ் இரண்டும் பிரியாமல் ஒன்றாகவே மெட்டை வாசிக்கட்டும். இரண்டாம் சுற்றில் சாக்ஸ் ஐந்துக்கும் பிரித்து எழுதலாம்: மேலே லீட் ஆல்டோ, கீழே பாரிட்டோன் அதே மெட்டை ஓக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறக்கி, நடுவில் மூன்று பேர் கோர்டை நிரப்ப. ட்ரம்பெட்டுகள் காத்திருக்கட்டும். கடைசிச் சுற்று அவர்களுடையது. சோலோவை நீட்டாதீர்கள்.

பொப் பாட்டைத் தொட்டால் ஜாஸுக்குத் தீட்டு என்று முகம் சுளிப்பவர்கள் இங்கும் உண்டு. 1966இல் அமெரிக்க ஜாஸ் மேதை கவுண்ட் பேசியின் பிக் பாண்ட் பீட்டில்ஸ் பாட்டுகளை வைத்தே ஓர் எல்.பி. போட்டது. அதைத்தான் அவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன்.

சரி, ஆட்கள். பொலிஸ், இராணுவ பாண்ட்காரர்கள் நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார்கள். கிரிக்கெட் மைதானத்தில் ட்ரம்பெட்டும் மேளமுமாகக் கலக்கும் பப்பரே பாண்ட் பையன்களுக்குக் காது கூர்மை, ஒருமுறை கேட்டால் போதும். ஆனால் மைதானம் முழுக்கக் கேட்க ஊதிப் பழகியவர்கள். மைக்கிலிருந்து தள்ளி நிறுத்தி, “ஹெமின் மல்லி, ஹெமின்” (மெதுவாகத் தம்பி, மெதுவாக) என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லோரையும் ஒன்றாகவே பதியுங்கள். தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் மூச்சு ஒன்றுசேராது. ஏசியில் பித்தளை குளிர்ந்தால் சுதி இறங்கும், ஊதிச் சூடானால் ஏறும். அதனால் வந்த உடனே சுதி சேர்க்காமல், கொஞ்ச நேரம் ஊதிவிட்டு, ஏசி ஓடும்போதே சேருங்கள். இஞ்சிப் பிளேன்டி குடித்து வந்த பிறகு இன்னொரு தடவை.

அப்புறம், ஸ்டூடியோ கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் என்றால் ரயில் நேரங்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கள் ஆக நல்ல டேக்கில், கடைசிச் சுரம் அடங்கும் நேரத்தில் பாணந்துறை ரயில் கூவிக்கொண்டு போனது. அதுவும் எஃப் மேஜரில் இல்லை.